கல்லுப்பிள்ளை விளையாட்டு

இந்த வருடம் குடும்பநல உத்தியோகத்தர்களாகக் கடமையேற்றிருக்கும் தங்கைகளுக்கு,

உங்கள் கையில் தரப்பட்டிருக்கும் பிள்ளை வளர்ச்சி அட்டையை நான் முப்பது வருடங்கள் நிரப்பினேன். தலை எப்போது நின்றது, எப்போது தவழ்ந்தது, முதற்சொல்லை எத்தனையாம் மாதத்தில் சொன்னது என்று கேட்கும் கட்டங்கள் அதில் இருக்கின்றன. அவற்றை நிரப்பும் முறையைப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் எழுதப்போவது அதைப் பற்றியல்ல. என் சேவைக் காலத்தில் நான் செய்த மிகப் பெரிய பிழையைப் பற்றி. அந்தப் பிழையைச் செய்துகொண்டிருந்த நாட்களில் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். அது பிழை என்று எனக்குத் தெரிய எட்டு மாதங்கள் எடுத்தன.

நான் நாள் தவறாமல் குறிப்பு எழுதுகிறவள். வெளிக்கள நாட்குறிப்பு அலுவலகத்துக்கு. இன்னொரு கொப்பி எனக்கு. அந்தக் கொப்பி இப்போது என் முன்னால் இருக்கிறது. கீழே வரும் நேரங்களை அதிலிருந்துதான் எடுத்திருக்கிறேன். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

யுத்தத்தின் மிக மோசமான வருடங்கள் அவை. எனக்கு இருபத்தேழு வயது. வீடு ஆரையம்பதியில். வேலை வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில், பழுகாமத்துக்கும் அப்பால் உள்ள ஒரு சிற்றூரில். காலையில் பஸ்ஸில் போய் இறங்கி, கரையிலிருந்த சென்றியில், அதாவது இராணுவக் காவலரணில், அடையாள அட்டையைக் காட்டி, சாமித்தம்பி அண்ணரின் தோணியில் ஏறுவேன். பிற்பகல் இரண்டரைக்குக் கடைசித் தோணி. "அதுக்கு மறுகா எண்டா நீந்தித்தான் வரணும் மிஸ்ஸி. முதலை உங்களுக்கு டிக்கெட் கேக்காது" என்று ஒவ்வொரு நாளும் ஒரே பகிடியைச் சொல்வார். நானும் ஒவ்வொரு நாளும் சிரிப்பேன். பயத்தில் இருக்கிறவர்களுக்குப் பழைய பகிடி போதும்.

பிழை தொடங்கியது ஓர் ஆனி மாதத்தில். கிளினிக் நடந்துகொண்டிருக்கும்போது படையினரின் சுற்றிவளைப்பு என்று செய்தி வந்தது. வந்திருந்த பெண்களோடும் பிள்ளைகளோடும் நானும் கரையோரக் கண்டல் பற்றைக்குள் ஒளிந்தேன். எட்டு மாதக் குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. எல்லோரும் திரும்பி அந்தத் தாயைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையால் குழந்தையின் வாயை மூடினாள். அழுகை நின்றது. கை எடுபடவில்லை. நான் ஊர்ந்துபோய் அந்தக் கையைப் பிய்த்து எடுத்தபோது குழந்தையின் உதடுகள் நீலமாக இருந்தன. இரண்டு தரம் ஊதினேன். மூன்றாம் தரம் மூச்சு வந்தது.

அதன் பிறகு தாய்மார் என்னிடம் இருமலுக்குக் கொடுக்கும் சளிப்பாணி கேட்கத் தொடங்கினார்கள். இரண்டு மடங்கு பருக்கினால் பிள்ளை தூங்கிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். கைகளுக்கும் பயந்தேன், போத்தலுக்கும் பயந்தேன். மூன்று நாள் யோசித்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன்.

அதற்குக் கல்லுப்பிள்ளை என்று பெயர் வைத்தேன். நான் வலது கையைத் தலைக்கு மேலே தூக்குவேன். தூக்கியவுடன் பிள்ளைகள் எல்லோரும் இருந்த இடத்தில் கல்லாகிவிட வேண்டும். "கல்லுக்கு வாய் இல்ல. கல்லுக்குக் கடிக்காது. கல்லுக்கு நோகாது" என்று சொல்லிக்கொடுத்தேன். கடைசிவரை அசையாமல் இருந்த பிள்ளைகளுக்கு அரை பிஸ்கட். கைக்குழந்தைகளுக்கு முலை கொடுங்கள், நடக்கிற பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கொடுங்கள் என்று தாய்மாருக்குச் சொன்னேன்.

இரண்டு கிழமையில் ஊர் முழுக்கப் பரவியது. அடுத்த சுற்றிவளைப்பில் பதினான்கு பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் மூச்சுக்கூட விடாததுபோல் இருந்தார்கள். ஒரு கையும் ஒரு வாயை மூடவில்லை. அன்று என்னைக் கும்பிட்டவர்களும் உண்டு. "மிஸ்ஸி, எங்கட வீட்டு மனிசனுக்கும் ஒருக்கா அந்தக் கையக் காட்டுங்க. வெறியில வந்து கத்துற கத்து ஆத்துக்கு அங்கால கேக்குது" என்று ஒருத்தி சொல்ல, அந்தப் பற்றைக்குள்ளேயே பெண்கள் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு நடந்ததையும் என் கண்ணால் கண்டேன். கொப்பியில் எழுதியும் வைத்தேன். ஆனால் விளங்கிக்கொள்ளவில்லை. பகலில் தூங்க விரும்பிய தகப்பன் கையைத் தூக்கினான். பாலர் வகுப்பு ஆசிரியை கையைத் தூக்கினாள். இனிப்புக் கேட்டு நச்சரித்த பிள்ளைகளுக்குக் கடைக்காரர் கையைத் தூக்கினார். விழுந்து முழங்கால் உரசிக்கொண்ட பிள்ளை, அழுவதற்கு வாயைத் திறந்தபடி முதலில் பெரியவர்களைத் தேடியது. அங்கே ஒரு கை உயர்ந்தது. வாய் மூடிக்கொண்டது. முதற்சொல் வருவதற்கு முன்னே கல்லாக இருக்கப் பழகிய பிள்ளைகள் மூன்று பேர் என் பதிவேட்டில் இருந்தார்கள். கார்த்திகை மாதம் ஊசி போட்ட நாளன்று நான் எழுதிய வரி இது: "இன்று ஒரு பிள்ளையும் அழவில்லை. மிக்க திருப்தி."

ஊசி குத்தும்போது அழாத பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் ஒரே மண்டபத்தில். அதைப் பார்த்து நான் திருப்தி என்று எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாசி மாதம், வியாழக்கிழமை. பெரும்போக வேளாண்மை முற்றி அறுவடைக்குக் காத்திருந்தது. காலை 8.20க்குத் தோணியால் இறங்கினேன். அன்று நிறை பார்க்கும் நாள். 9.35க்கு ஓர் ஆள் சைக்கிளில் வந்து பிரேக் பிடிக்காமலே, "சந்தியில இறங்கிட்டானுகள்!" என்று சொல்லிக்கொண்டு போனான். கரைப்பக்கம் போக நேரமில்லை. கிளினிக் நடக்கும் மண்டபத்துக்குப் பின்னால் விரிந்து கிடந்த வயல்வெளிக்குள், வட்டை என்று நாங்கள் சொல்வோமே அதற்குள், பதினொரு பெண்களையும் பதினாறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்கினேன். நெல் எங்கள் இடுப்பளவு நின்றது. குனிந்தால் வெளியே தெரியாது. வரம்போரமாக எல்லோரையும் இருத்தினேன். நான் நடுவில் குந்தியிருந்து கையைத் தூக்கினேன்.

பதினாறு பிள்ளைகளும் கல்லானார்கள்.

வீதியில் வாகனங்கள் நின்றன, கிளம்பின, மறுபடி நின்றன. ஒரு தரம் சப்பாத்துச் சத்தம் மண்டபத்துக்குள் கேட்டது. என் மேசையை யாரோ இழுத்தார்கள். எனக்குக் கை உளைந்தது. இடக்கையால் வலக்கையை முட்டுக் கொடுத்துத் தூக்கியபடியே இருந்தேன். கையை இறக்கினால் யாராவது ஒரு பிள்ளை அழுதுவிடும் என்று பயம். என்னிலிருந்து நாலு முழத் தூரத்தில் வதனி இருந்தாள். மூன்றரை வயது. தாய் நேசம் அவளுக்குப் பின்னால் குனிந்து படுத்திருந்தாள். வதனி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடையில் ஒரு தரம் அவளுடைய கண்கள் மிகவும் பெரிதாக விரிந்தன. நான் தலையை அசைத்து "ஒன்றுமில்லை" என்று காட்டினேன். கையைத் தூக்கியேதான் வைத்திருந்தேன்.

12.05க்கு வாகனங்கள் சந்திப் பக்கமாகப் போன சத்தம் கேட்டது. எழுந்து எண்ணினேன். எல்லோரும் இருந்தார்கள். மண்டபத்துக்குத் திரும்பியதும் பிஸ்கட் பெட்டியைத் திறந்தேன். வதனி வியர்த்து, வெளிறிப்போய் இருந்தாள். வெயில் என்று நினைத்தேன். "இண்டைக்கு முதலாம் கல்லு வதனிதான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி அவளுக்கு முழுப் பிஸ்கட் ஒன்று கொடுத்தேன். அதை வாங்கிக் கையில் பிடித்துக்கொண்டாள். சாப்பிடவில்லை.

தங்கைகளே, நான் அப்போது கிளினிக்கை மூடிவிட்டுப் போயிருக்கலாம். கடைசித் தோணியைப் பிடிக்கவேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் பாதி அட்டைகள் நிரம்பாமல் இருந்தன. நிரம்பாத அட்டை எனக்குத் தாங்காது. அன்று அந்தக் குணம் ஒன்றுதான் நன்மை செய்தது.

12.50க்கு வதனியின் முறை. தொங்கு தராசில் மாட்டும் துணிக் காற்சட்டைக்குள் நேசம் அவளைத் தூக்கி வைத்தாள். நான் செருப்புகளைக் கழற்றப் பார்த்தேன், இடது செருப்பு கழலவில்லை. வார் சதைக்குள் புதைந்திருந்தது. பாதம் கணுக்கால் வரை வீங்கி மினுங்கியது. புறங்காலில் இரண்டு சிறிய புள்ளிகள். சுற்றிவர நிறம் மாறியிருந்தது.

"தொட்டாச்சுருங்கி முள்ளாக்கும் மிஸ்ஸி" என்றாள் நேசம். "வரம்பில நிறையக் கிடக்கு."

"எப்ப குத்தின?"

"தெரியா. இவள் ஒண்டும் சொல்லல்லையே."

நான் வீக்கத்தை விரலால் அழுத்தினேன். பெரிய ஆம்பிளைகூடத் துள்ளியிருப்பான். வதனியின் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அவள் என் முகத்தையும் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே என்ன இருக்கிறது என்று நானும் நிமிர்ந்து பார்த்தேன். தராசு ஆடாமல் இருப்பதற்காக அதன் கயிற்றைப் பிடித்திருந்த என்னுடைய வலது கை.

கையைக் கீழே போட்டேன். அவளைத் தராசிலிருந்து இறக்கி வாங்கில் கிடத்தினேன்.

செய்தி போய் தகப்பன் அழகையா ஓடிவந்தான். இருபத்தாறு வயது. காலை முழுக்க எங்கோ நீர்க்காலுக்குள் ஒளிந்து கிடந்திருக்கிறான், உடம்பெல்லாம் சேறு. காலைப் பார்த்தான். பக்கத்து வீட்டு மாமி ஒருத்தி, "முள்ளுத்தான் தம்பி. மஞ்சள் அரைச்சுப் பூசினா வத்திரும்" என்றாள். இன்னொருத்தி பாம்பு என்றாள். பாம்பென்றால் இரண்டு கட்டைக்கு, அதாவது இரண்டு மைலுக்கு, அப்பால் விஷகடி வைத்தியர் இருக்கிறார், சைக்கிளில் ஏற்று என்றார்கள்.

நான் பயந்தது புடையன் பாம்புக்கு. முற்றிய வயலில் எலிக்கு வரும். அது கடித்தால் இரத்தம் உறையாமல் போகும், சிறுநீரகம் போகும். அதற்கு மருந்து அக்கரை வைத்தியசாலையில் மட்டும்தான் இருந்தது. ஆனால் சுற்றிவளைப்பு நடந்த நாளில் வாவியில் தோணி போட யாருக்கும் துணிவு வராது. சென்றி மூடியிருக்கும். ஒரு முள்ளுக்காக இந்தப் பிள்ளையையும் தாயையும் துவக்குகளுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த முடியாது. பாம்பென்றால் மஞ்சளோடு இருத்திவைக்க முடியாது. எது என்று தெரிந்த ஆள் அந்த மண்டபத்தில் ஒன்றுதான். அது பேசவில்லை.

அழகையா குந்தியிருந்து பிள்ளையின் தோளைப் பிடித்தான். "சொல்லு புள்ள. என்ன கடிச்ச? பாம்பா? சொல்லு!" சத்தம் வெளியே போகாமல் பல்லுக்குள் கேட்டான். சந்தியில் படையினர் இன்னும் நிற்பதாகச் சொல்லியிருந்தார்கள். வதனி மேலும் விறைத்தாள். நேசம் கெஞ்சினாள், அதுவும் குசுகுசுப்பாக. நான், "விளையாட்டு முடிஞ்சிது மகள். இனிக் கதைக்கலாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நம்பவில்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. கல்லாவதற்கு ஒரு சைகை வைத்திருந்தேன். மறுபடி பிள்ளையாவதற்கு ஒன்றும் வைக்கவில்லை. விளையாட்டு முடிந்தது என்று அவர்கள் அறிந்துகொண்டது பெரியவர்களின் முகங்களிலிருந்து. நாங்கள் உரத்துக் கதைத்தால், சிரித்தால், ஆளையாள் ஏசினால் அது முடிவு. அன்று எங்கள் முகங்களில் அது முடியவே இல்லை. எல்லோரும் குசுகுசுத்தோம். எல்லோரும் காதை வீதியில் வைத்திருந்தோம். நாங்களே கல்லாக நின்றுகொண்டு ஒரு பிள்ளையை வாய் திறக்கச்சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நேசம், நீ அழு" என்றேன்.

"என்ன மிஸ்ஸி?"

"சத்தம் போட்டு அழு கா. நீ அழுதாத்தான் அவள் அழுவாள்."

நேசம் என்னை வெறித்துப் பார்த்தாள். "எனக்கு வராது மிஸ்ஸி. தம்பியக் கொண்டுபோன நாளிலிரிந்து வாறல்ல. நான் அழுதா இவளும் அழுவாளே எண்டு அடக்கி அடக்கி, இப்ப அழ நினைச்சாலும் வாறல்ல."

அவளுடைய தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகியிருந்தது. அந்த வீட்டுக்கு நான் ஒவ்வொரு மாதமும் போயிருக்கிறேன். வதனி என்ன சாப்பிட்டாள், எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறேன். தாய் அழுகிறாளா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நேசத்தின் கையைப் பிடித்து, பிள்ளையின் வீங்கிய காலில் வைத்தேன். "பார். எப்பிடிக் கொதிக்குது எண்டு பார்."

கை அங்கேயே இருந்தது. அவளுடைய வயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அது அழுகைபோல் இருக்கவில்லை. கிணற்று வாளி அறுந்து விழுவதுபோல் இருந்தது. பிறகு வாய் திறந்தது. "என்ட மகளே!" என்று அவள் வைத்த ஓலம் மண்டபத்துத் தகரத்தில் பட்டுத் திரும்பியது.

"வாயப் பொத்து கா! சந்தியில நிக்கிறானுகள், எல்லாரையும் சாக்காட்டப் போறாய்!" என்று மாமி பாய்ந்து வந்தாள். அழகையாவின் கையும் மனைவியின் வாயை நோக்கிப் போனது. நான் இடையில் நின்றேன். எதற்காக நின்றேன் என்று அவர்களுக்குச் சொல்ல நேரமில்லை. ஒரு பக்கக் காதால் வீதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாகனம் கிளம்பும் சத்தம் வருகிறதா? வந்தால் இந்தப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் நான் என்ன பதில் சொல்வேன்? மாமி என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "என்ன மிஸ்ஸி செய்றீங்க, உங்களுக்குப் பைத்தியமா?" என்று கேட்டாள். நேசம் நிறுத்தவில்லை. ஒரு வருடமும் இரண்டு மாதமும் சேர்ந்து வந்துகொண்டிருந்தது.

வதனி தாயின் திறந்த வாயை அண்ணாந்து பார்த்தாள். கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது. தாயின் கன்னத்தைத் தொட்டு, ஈரமான விரலைப் பார்த்தாள். கீழுதடு பிதுங்கியது.

"அம்மா, கல்லுக்கு நோகுது."

பிறகு அவளும் ஓலமிட்டாள். அதற்கிடையில், விக்கி விக்கி, என்னைப் பார்த்துச் சொன்னாள்: "பாம்பு வந்த. கொத்தின. மிஸ்ஸி கையத் தூக்கிக்கொண்டு இரிந்தாங்க. நான் அசையல்ல."

அதை அவள் குற்றமாகச் சொல்லவில்லை. நன்றாகச் செய்தேன் அல்லவா என்ற குரலில் சொன்னாள்.

அழும்போது ஈறுகளைப் பார்த்தேன். பல்லோரத்தில் இரத்தம் கசிந்திருந்தது. இனி யோசிக்க ஒன்றுமில்லை. காலை அசையாமல் பலகை வைத்துக் கட்டினேன். நேரம் 1.20.

கரையில் சாமித்தம்பி அண்ணர் தோணியைக் கவிழ்த்துப் போட்டு அதன் கீழே படுத்திருந்தார். "இண்டைக்கு ஒண்ணாது மிஸ்ஸி. ஆத்தில தோணியக் கண்டா வெடிதான்."

"அப்ப நீங்க வரவேணாம். கம்பத் தாங்க, நான் கொண்டுபோறன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்களுக்குக் கம்பு ஊண்டத் தெரிஞ்சா இவ்வளவு காலமும் நான் என்னத்துக்கு?" என்று சொல்லித் தோணியைப் புரட்டினார். நேசமும் நானும் பிள்ளையோடு ஏறினோம். அழகையாவும் ஏற வந்தான். ஏறவேண்டாம் என்றேன். அன்று இளவயது ஆண் ஒருவன் தோணியில் இருந்தால் பிள்ளை சென்றியிலேயே நின்றுவிடும். அவன் நெஞ்சளவு தண்ணீர் வரை தோணியைத் தள்ளிக்கொண்டு வந்து, அங்கேயே நின்றுகொண்டான்.

என்னுடைய வெள்ளைச் சேலைத் தலைப்பைக் கிழித்து, ஒரு தடியில் கட்டிப் பிடித்தேன். வதனி விடாமல் அழுதாள். வாவியில் காற்று இல்லை. அந்தச் சத்தம் தண்ணீருக்கு மேலால் எங்களுக்கு முன்னே போனது. "அக்கரைக்குக் கேக்கப்போகுது மிஸ்ஸி" என்றார் அண்ணர். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. தோணியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடுவதைவிட, பிள்ளை இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது என்று முடிவு செய்தேன். சரியான முடிவு என்று இன்றுவரை சத்தியம் செய்யமாட்டேன்.

2.05க்கு அக்கரை. சென்றியிலிருந்து ஒரு சிப்பாய் மணல் மூட்டைக்கு முன்னால் வந்து துவக்கை நீட்டிக் கத்தினான். அந்தக் கணத்தில் நேசத்தின் வலது கை தானாக மேலே போனது. அவள் நினைத்துச் செய்யவில்லை. அழுகை வெட்டினாற்போல் நின்றது. தோணி, தண்ணீர், மூன்று பேர், ஒரு துணிப் பொட்டலம்போல் அசையாமல் ஒரு பிள்ளை. சத்தம் எதுவும் இல்லை. சிப்பாய் எங்களை ஒருதரம் பார்த்தான், பொட்டலத்தைப் பார்த்தான். துவக்கைத் தோளில் வைத்துக் குறிபார்த்தான்.

நான் நேசத்தின் கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "அழட்டும் கா! விடு, அழட்டும்!" நேசம் தானே மறுபடி ஓலமிட்டாள். அதைக் கேட்டு வதனியும் தொடங்கினாள். துவக்கின் குழாய் அசையாமல் நின்றது. நான் வீங்கிய காலைத் தூக்கிக் காட்டி, பாம்புக்கு எனக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லைக் கத்தினேன்: "சர்ப்பயா! சர்ப்பயா!"

குழாய் இறங்கியது. அவன் தண்ணீருக்குள் சப்பாத்தோடு இறங்கி வந்து காலைப் பார்த்தான். அவனுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்காது. அவனும் பயந்திருந்தான், கிட்டத்தில் தெரிந்தது. திரும்பி உள்ளே ஏதோ கத்தினான். தடை தூக்கப்பட்டது. சோதனைக்காக நிறுத்திவைத்திருந்த, பாண் ரொட்டி ஏற்றும் வான் ஒன்றைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். காத்தான்குடிக்காரர் ஒருவர் ஓட்டிவந்தது. "ஏறுங்க மிஸ், பாண் கெடக்கட்டும்" என்று தட்டுகளை இழுத்து வீதியில் வைத்தார். 2.50க்கு வைத்தியசாலை.

வதனி பிழைத்தாள். முதல் இரண்டு நாளும் சிறுநீர் சரியாகப் போகவில்லை. வைத்தியர் எங்கள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. மூன்றாம் நாள்தான் பேசினார். பதினொரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இதற்குப் பிறகு நான் கல்லுப்பிள்ளை விளையாட்டை நிறுத்திவிட்டேன் என்று எழுத விருப்பம். நிறுத்தவில்லை. நிறுத்த முடியாத காலம் அது. உதடு நீலமான அந்தக் குழந்தையையும் நான் மறக்கவில்லை. ஆனால் விளையாட்டுக்கு ஒரு முடிவு வைத்தேன். அபாயம் போனதும் பெரியவர்கள் எல்லோரும் முதலில் சத்தம் போடவேண்டும், கை தட்டவேண்டும், அழ இருந்தால் அழவேண்டும். பிள்ளையை முதலில் அவிழ்க்கப் பார்க்காதீர்கள், நீங்கள் முதலில் அவிழுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னேன். ஒளிகிற நேரம் தவிர வேறு எதற்கும் அந்தக் கையைத் தூக்கினால் நான் அந்த வீட்டுக்கு வரமாட்டேன் என்று தகப்பன்மாரையும் கடைக்காரரையும் பாலர் வகுப்பு ஆசிரியையையும் மிரட்டினேன். ஊசி போடும் நாளில் கத்துகிற பிள்ளையைக் கண்டால் எனக்கு நெஞ்சு ஆறும். உங்கள் மண்டபம் அமைதியாக இருந்தால், தயவுசெய்து பயப்படுங்கள். வீட்டுக்குப் போனால் பிள்ளையின் நிறையைப் பார்ப்பதற்கு முன், அந்த வீட்டில் யார் யார் கல்லாக இருக்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளை அவர்களைப் பார்த்துத்தான் தன்னைச் செய்துகொள்கிறது.

வதனி வைத்தியசாலையில் இருந்த மூன்றாம் நாள், சனிக்கிழமை, காலை 10.15க்கு நான் அவளுடைய விடுதிக்குப் போனேன். நேசம் கட்டிலோரத்தில் இருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. வதனி கொஞ்சம் கஞ்சி குடித்திருந்தாள். சேலைன் ஊசி அடைத்துக்கொண்டது என்று தாதி வேறு கையில் குத்த வந்தாள். நரம்பு கிடைக்கவில்லை. இரண்டு தரம் குத்தினாள். வதனி ஊசியைப் பார்க்கவில்லை. முதலில் தாயின் கையைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள். இரண்டு கைகளும் கீழே இருந்தன.

"அம்மா, அழட்டா?" என்று கேட்டாள்.

நேசம் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "அழு மகள்" என்றாள் நேசம்.

வதனி அழுதாள். மூன்றாம் தரம் நரம்பு கிடைத்தது. தாதி ஊசியை ஒட்டி, போத்தலைத் திறந்துவிட்டு, வேறு கட்டிலுக்குப் போனாள். வதனி இன்னும் அழுதுகொண்டிருந்தாள். சற்று நேரத்தில் எங்கள் இருவரின் முகங்களையும் மாறி மாறிப் பார்த்து, அழுகைக்கு நடுவே கேட்டாள்:

"போதுமா மிஸ்ஸி?"